இடது காலின் மேல் விழுந்த பழி

எனக்குச் சனி பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது அம்மாதான். கார் நின்றுபோன மறுவாரமே சொன்னாள். "ஒனக்கு ஏழர நடக்குதுத்தா. இல்லாட்டி நல்லா இருந்த வண்டி இப்பிடிப் படுக்குமா?" என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் என்னைக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கிளப்பினாள். எள் விளக்கு ஏற்றினோம். காக்காய்க்குச் சோறு வைத்தோம். அதற்குப் பிறகும் சனிக்கிழமை வந்தால் குச்சனூர்தான். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வண்டி போன வருத்தத்தில், யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலைமையில் இருந்தேன்.

அது எனக்கு வெறும் வண்டி இல்லை. என் இடது கால் சின்ன வயதிலிருந்தே சரியில்லை. காய்ச்சலுக்குப் போட்ட ஊசி நரம்பில் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே சதையும் குறைவு, உணர்ச்சியும் குறைவு. செருப்பு கழன்று விழுந்தால்கூடக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரியும். அனுமந்தன்பட்டியில் வீடு, ஜெயமங்கலம் பக்கத்தில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம். தேனியில் பஸ் மாற வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டிலும் நான் காலைத் தூக்கி வைப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டே "சீக்கிரம் ஏறும்மா" என்பார். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும் என்று தெரிந்த நாளில் நான் அழுதிருக்கிறேன். சந்தோஷத்தில்தான்.

பழைய வண்டிதான். அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது என் அண்ணன். அண்ணன் ஜீப் டிரைவர். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் கூட்டி வருகிறவன். சின்ன வயதில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவன். என்னை நொண்டி என்று கூப்பிட்ட ஒருத்தனின் பல்லை உடைத்தவன். நான் பிடிஏ கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற டீச்சராக இருந்தாலும் அவனுக்கு இன்னும் பாப்பாதான். அவன் ஜீப்பில் குமுளியிலிருந்து இறங்கும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவான். நியூட்ரலில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் வண்டி தன்னால் உருண்டு வரும். மலை இறக்கத்தில் டீசலை எரிக்கிறவன் டிரைவரே இல்லை என்பது அவன் கட்சி. பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தமில்லாத இறக்கத்தில் வருவது எனக்கும் பிடிக்கும்.

கோடை விடுமுறையில் அவன் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அது திரும்பி வருகிற வரைக்கும் என் காரை எடுத்துக்கொண்டு மேலே போய் வந்தான். சாவியை நானேதான் கொடுத்தேன். "பெட்ரோல் நான் போட்டுருவேன் பாப்பா" என்றான். "போடாட்டியும் எடுத்துக்கோ" என்றேன்.

பள்ளி திறந்ததும் வண்டி உதற ஆரம்பித்தது. ஒருநாள் சின்னமனூர் தாண்டி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான், மூடினான். பிறகு கேட்டான்.

"பாப்பா, எடது காலு பிரேக்குல கெடந்துச்சா?"

"இல்லண்ணே. அது ஓரமாத்தான் இருக்கும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் காலுக்குத்தான் ஒணர்ச்சி இல்லையே. அது பாட்டுக்கு பிரேக்குல ஏறி உக்காந்திருக்கும். இங்கிட்டு ஆக்ஸிலேட்டரு, அங்கிட்டு பிரேக்கு. ரெண்டும் இழுத்தா கியர் பாக்ஸு என்னத்துக்கு ஆகும்?"

என் காலுக்கு நானே சாட்சி சொல்ல முடியாது. உலகத்தில் வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். சொன்னவன் என் அண்ணன்.

மறுபடி பஸ். மறுபடி படிக்கட்டு. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். "அதான் மொதல்லயே சொன்னோம், கால் இப்பிடி இருக்கையில வண்டி எதுக்குன்னு" என்றார்கள். முதலில் சொன்னவர் ஒருவரும் இல்லை. அம்மா மட்டும், "ஓட்டாட்டி என்ன கொறஞ்சா போச்சு" என்று என் தட்டில் இன்னொரு தோசையை வைப்பாள். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட நான் குனிந்து அந்தக் காலைப் பார்ப்பேன். அது எனக்குத் தெரியாமல் எங்கேயாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு மனுஷி தன் உடம்பையே திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை நான் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

தேனியில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்கிற மெக்கானிக் ஒருவர் இருப்பதாக, கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். போனில் பேசினேன். வண்டியை இழுத்துக்கொண்டு வரச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான்.

"வண்டியக் கொண்டுபோய் எதுக்கு அங்கன வெயில்ல போடணும்? நான் எத்தன ஜீப்புக்குப் பாக்ஸ் எறக்கியிருக்கேன். வீட்டுலயே எறக்கித் தாரேன். பாக்ஸ மட்டும் நான் கொண்டுபோறேன். நீ பள்ளிக்கூடத்தப் பாரு."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் வேறு சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் திராட்சைக் கொடியை எடுத்த பிறகும் பந்தல் கல்தூண்கள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். தூண்களின் மேல் இரும்புக் குழாயைக் குறுக்கே போட்டு, அதில் செயின் புல்லியை மாட்டி, இன்ஜினைச் சங்கிலியால் பிடித்து நிறுத்தினான் அண்ணன். பாக்ஸ் கீழே இறங்கும்போது இன்ஜின் சாய்ந்துவிடக் கூடாது. முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டைகள் மேல் ஏற்றினான். பேட்டரி, ஏர் ஃபில்டர், ஒயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கழற்றிய போல்ட்டுகளை நான் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டுச் சாக்பீஸால் எழுதிவைத்தேன். திரும்ப மாட்டும்போது குழம்பக் கூடாதென்று ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தேன்.

ஆயிலைத் திறந்துவிட்டபோது சிவப்பாக வர வேண்டியது கறுப்பாக வந்தது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு நாற்றம். "அத ஏன் பாத்துக்கிட்டு நிக்க? கொண்டுபோய்க் கொட்டிட்டு வா" என்று அண்ணன் அவசரப்படுத்தினான். நான் அதையும் படம் எடுத்துவிட்டுத்தான் தூக்கினேன்.

ஆக்ஸில்களை உருவினான். பாக்ஸையும் இன்ஜினையும் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினான். கீழே ஜாக்கியைக் கொடுத்து மெதுவாக ஆட்டினான். அது வருவேனா என்றது. "ஏலே, வாலே" என்று அதைத் திட்டினான். ஒரே உலுக்கலில் விலகி வந்தது. உள்ளே மிச்சமிருந்த ஆயில் அவன் முகத்தில் கொட்டியது. கண்ணை மட்டும் விழித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

பாக்ஸைச் சாக்கின் மேல் இறக்கிவைத்தோம். கூட வேறு எதையாவது கொண்டுவர வேண்டுமா என்று கேட்டு, எடுத்த படங்களையெல்லாம் மெக்கானிக்குக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சர், வண்டி மலைக்குப் போய் வந்துச்சா?"

"நான் போனதில்லையே. வீடு விட்டாப் பள்ளிக்கூடம்."

"அப்ப யாரோ கொண்டுபோயிருக்காக. பிரிச்சுப் பாத்தாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும். ஆனா இந்த மாதிரி நம்ம பக்கத்துல நெறைய வருது. ஜீப் ஓட்டுன பழக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல எறக்குறாக. ஆட்டோமேட்டிக்குல இன்ஜின் ஓடுனாத்தான் பாக்ஸுக்குள்ள ஆயில் சுத்தும். நிறுத்திட்டு உருட்டுனா உள்ள எல்லாம் காஞ்சு தேஞ்சுரும்."

"எடது காலு பிரேக்குல கெடந்தா இப்பிடி ஆகாதா?"

"அப்பிடி மிதிச்சிருந்தா மொதல்ல பிரேக் பேடுதான் தேஞ்சு போயிருக்கும். நீங்க அனுப்புன போட்டோவுல பேடு நல்லாத்தான இருக்கு."

போனை வைத்தேன். சக்கரம் கழற்றிய இடத்தில் பிரேக் பேடு என் கண் முன்னாலேயே இருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தது. அண்ணன் முகத்தைத் துடைத்த துணியாலேயே கையைத் துடைத்தான், மறுபடி முகத்தைத் துடைத்தான்.

"கெட்டுப்போகும்னு சத்தியமாத் தெரியாது பாப்பா. ஜீப்புல விடுற மாதிரிதான் விட்டேன்."

"நான் அதக் கேக்கல. ஒனக்கு எப்பத் தெரியும்?"

"லோயர் கேம்ப்ல வந்து இன்ஜின ஸ்டார்ட் பண்ணி கியரப் போட்டேன். டங்குன்னு உள்ள அடிச்சுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப சின்னமனூர்ல வந்து ஏண்ணே என் காலச் சொன்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, பாக்ஸைப் பார்த்துச் சொன்னான். "இத்தன வருசமா வண்டி ஓட்டுறேன். தங்கச்சி வண்டியையே கெடுத்துப்புட்டான்னு ஜீப் ஸ்டாண்டுல சிரிப்பாக. ஒன்னயச் சொன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாகன்னு..."

யாரும் தப்பாக நினைக்கவில்லை, உண்மைதான். நொண்டிக்கு வண்டி எதற்கு என்றுதான் நினைத்தார்கள். அவனுடைய டிரைவர் பேரைக் காப்பாற்ற என் காலைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டான். பல்லை உடைத்த கைதான் இதையும் செய்தது. வீட்டிலேயே இறக்கித் தருகிறேன், நானே கொண்டுபோகிறேன் என்று துடித்ததும் எனக்காக இல்லை. ஒர்க்‌ஷாப்பில் நான் பக்கத்தில் நிற்கும்போது எவனாவது உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

டீ கொண்டுவந்த அம்மா பின்வாசலில் நின்றாள். "விடுத்தா. தெரியாமச் செஞ்சுட்டான். அன்னைக்கே வந்து அழுதான்" என்றாள்.

"அன்னைக்கேன்னா என்னைக்கு?"

அம்மா டீயைக் கீழே வைத்தாள். "வண்டி நின்ன அன்னைக்கேதான். ரோட்டுல லாரியும் டிராக்டரும் எப்பிடிப் போகுதுன்னு பாக்கிறேல்ல? சாயங்காலம் ஒன் வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது. சரி, இப்பிடியாவது ஓட்டாம இருக்கட்டுமேன்னு வாய மூடிட்டேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அண்ணன் செய்தது கோபமாக வந்தது. அம்மா செய்தது அப்படி வரவில்லை. சனிக்கிழமைதோறும் என் பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாளே. எள் விளக்கில் என் கையைப் பிடித்துத் திரி ஏற்றவைத்தாளே. "என் மகளுக்கு நல்ல புத்தி குடு" என்று சாமியிடம் சத்தமாக வேறு கேட்டாளே. சனீஸ்வரன் பாவம், சும்மா இருந்தார். நான் அன்றைக்கு அம்மாவைச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் அவளும் அழுவாள், நானும் அழுவேன். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

பாக்ஸைத் தேனிக்கு லோடு ஆட்டோவில் நானே கொண்டுபோனேன். சரியாகி வந்த பிறகு மாட்டியது அண்ணன்தான். எந்தக் கிண்ணத்துப் போல்ட் எங்கே போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் கையை நீட்டுவான், நான் போல்ட்டை வைப்பேன். எல்லாம் முடிந்ததும் பழக்கத்தில், "சாவியக் குடு பாப்பா, ஒரு ரவுண்டு பாத்துட்டுத் தாரேன்" என்று கையை நீட்டினான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது.

இப்போது தினமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். வண்டி வெண்ணெய்போலப் போகிறது. சாயங்காலம் அம்மா வாசலில் நிற்கிறாள், நான் முன்பு மாதிரி ஹாரன் அடிப்பதில்லை. அண்ணனிடம் நல்லது கெட்டதுக்குப் பேசுகிறேன், அவ்வளவுதான்.

ஆனால் வீரபாண்டி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி வண்டி லேசாக உதறினாலும் போதும், என் கண் ரோட்டை விட்டுக் கீழே போகிறது. பார்க்கக் கூடாது என்று எனக்கே தெரியும். பார்த்துவிடுகிறேன். இடது கால் ஓரமாக, நான் வைத்த இடத்திலேயே, சும்மாதான் கிடக்கிறது.