இலை போட்ட குழி

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனவள் நான். நாலு பேர் கூடினால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறவள். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் பேசியதைக் கேட்ட பிறகுதான், எழுதத் தெரியாதவளும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணல் என்றால் எனக்கு ஏலக்காய் வாசம். போடியில் நான் படித்த பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், நீளம் தாண்டுகிறவர்கள் வந்து விழ ஒரு மணல்குழி இருந்தது. எங்கள் தடகளப் பயிற்சியாளர் முத்தையா சார், கடைக்காரர்கள் கழித்துப்போட்ட காய்ச் சல்லடை ஒன்றைக் கொண்டுவந்து அந்த மணலை அள்ளி அள்ளிச் சலிப்பார். முள்ளும் கண்ணாடிச் சில்லும் மேலே நிற்கும். சல்லடையில் ஊறியிருந்த வாசம் மணலோடு கீழே இறங்கும். குதித்து எழுந்தால் பாவாடையெல்லாம் அந்த வாசம்தான். வீட்டில் அத்தை, "பொம்பளப் பிள்ளைக்கு என்னடி குதியாட்டம்? படிக்கப் போனியா, மண்ணுல பெரளப் போனியா?" என்று திட்டிக்கொண்டே உதறிவிடுவாள்.

செருப்புக் காலோடு அந்தக் குழியில் யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் சார் அடிக்க மாட்டார், "சோறு திங்கிற தட்டுல மிதிப்பியா அப்பு?" என்று மட்டும் கேட்பார். ஓடி வந்து பலகையை மிதிக்கும்போது குனிந்து காலைப் பார்ப்பது என் வழக்கம். "காலைப் பாக்காதே ஆத்தா, அது எங்கேயும் போயிராது. குரங்கணி மலையைப் பாரு" என்பார். பார்த்தேன். தலை குனிந்தே நடந்த எனக்கு, நிமிர்ந்து பார்க்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் சார் விடியலில் விசிலோடு வந்துவிடுவார். இப்போது என் மகள் செல்வி அங்கே குதிக்கிறாள். போன மாதம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மறுநாள் அதே மைதானத்தில் மாவட்ட அணிக்கான தேர்வு. "தேர்வு முடியட்டும்ப்பா, இல்லாட்டி மண்டபத்துல வைங்க" என்று சார் கெஞ்சியிருக்கிறார். சிறப்பு விருந்தினருக்கு அந்தத் தேதிதான் ஒத்துவந்ததாம்.

ஓடுபாதையில் குழி தோண்டிப் பந்தல்கால் நட்டார்கள். ஏலக்காய் மாலை விருந்தினர் கழுத்துக்குப் போயிற்று. சாருக்கு ஒரு துண்டு. விருந்தினர் அவரைக் கபடிப் பயிற்சியாளர் என்றே பேசிக்கொண்டிருந்தார், எல்லாரும் கைதட்டினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேச்சு முடியுமுன்பே பிரியாணிப் பந்தி தொடங்கிவிட்டது. "எச்சி எலைய எங்கண்ணே போட?" என்று சமையல்காரர் ஒருவர் கேட்டார். விருந்து நடந்தால் இலை போட ஒரு குழி வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். விழாக்குழுத் தலைவர் வாய் நிறைய வெற்றிலையோடு, "அந்தா வெட்டித்தானே கெடக்கு, அதுல கொட்டு. வெரசா சோலியப் பாரு" என்றார். அவர் வெளியூர்க்காரர் அல்ல. அதே குழியில் குதித்துச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி அரசாங்க வேலைக்குப் போனவர்.

கொட்டினார்கள். எலும்பு, குழம்பு வழியும் இலை, பாட்டில், அதன்மேல் வெற்றிலை எச்சில். நாய்கள் இறங்கிக் கிளறின. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு எங்கேம்மா குதிக்க?" என்றாள்.

சார் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கி வந்து, குழியோரம் செருப்பைக் கழற்றினார். தலைவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், போட்டோ எடுக்கணும், மேல வாங்க."

"நீ குதிச்ச குழிடா இது."

"ஆள விட்டு அள்ளிருவோம் சார். மணல்தானே!"

சார் வெறுங்கையால் இலைகளை எடுக்கத் தொடங்கினார். "விழா நாயகரே எலை எடுக்காரு, அத போட்டோ புடிங்கப்பா" என்று யாரோ சொல்ல, பந்தியில் சிரித்தார்கள். நானும் செல்வியும் குழிக்குள் இறங்கினோம். எண்ணெய் அடிவரை ஊறியிருந்தது. அள்ள அள்ள மணல் கையில் பிசுபிசுத்தது. உடைந்த பாட்டில் சில்லுகள் உள்ளே எங்கே கிடக்கின்றன என்றே தெரியவில்லை. அந்தத் தலைவரைக் கடைவீதியில் பார்த்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மறுநாள் தேர்வு நடந்தது. பந்தல்கால் குழிகளில் மண் போட்டு ஓட்டங்களை நடத்தினார்கள். நீளம் தாண்டுதலை மட்டும், இடம் சரியில்லை என்று ரத்து செய்தார்கள். செல்வி பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.