கன்னையாவின் பலகையில் உப்பிய எழுத்து

ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்ட ஆண்டுகள் அவை. சிவசங்கரி மட்டும் புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பேருந்தேறி, திருப்பதியை அடுத்த திருச்சானூரில் நாகபூஷணத்தின் பிளெக்ஸ் கடைக்கு வந்து கணினி முன் அமர்வார்.

அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது சிவசங்கரி தம் வீட்டிலேயே வரைந்து உருவாக்கிய ஓர் எழுத்துரு. கூர்முனையே இல்லாமல், எண்ணெயில் உப்பிய பூரிபோல் தடித்த எழுத்து. ஓடும் ஷேர் ஆட்டோவிலிருந்தும் படிக்கலாம். ஐஸ்கிரீம் கடைக்கும் குழந்தை உடுப்புக்கும் காதுகுத்துக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. பெரிதாக இரண்டு சொல் எழுதினால் நிற்கும். சிறிதாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் எழுத்து அது. ஆகவே, சாவுப் பலகைக்கு அதைத் தொடவே கூடாது என்று சிவசங்கரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எழுத்துல இன்னாம்மா சாவு, கல்யாணம்? ஜனம் கேக்குது, போடு" என்பார் நாகபூஷணம்.

சிவசங்கரியின் தந்தை கன்னையா இறந்தார். பிறர் நிலத்தில் உழைத்து, முதுமையில் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கிய மனிதர். அவருடைய பெயர் எந்தப் பலகையிலும் ஏறியதில்லை. கருமாதியன்று ஊர் முகப்பில் வைக்கும் பலகைதான் முதலும் கடைசியும். அதை அவருடைய மகன் சுனில் நாகபூஷணத்திடம் தொலைபேசியில் சொல்லிவைத்தான்: "அக்கா அழுதுகினு கீது. நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்கண்ணா."

நாகபூஷணம் முந்தைய வாரத்துக் காதுகுத்துப் பலகையை எடுத்தார். குழந்தையின் படத்தை நீக்கிக் கன்னையாவின் படத்தை ஒட்டினார், சொற்களை மாற்றினார். ரோஜா நிறம் அப்படியே இருந்தது. மூலையில் பலூன்களும் இருந்தன. உப்பிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' குலுங்கிச் சிரித்தது. கீழே உறவினர் பெயர்கள் கறுப்புத் திட்டுகளாகிக் கிடந்தன. அவசரம் என்று இதற்குப் பெயர் சூட்ட வேண்டாம். ஏழையின் சாவுதானே என்ற அலட்சியம் இது.

"இன்னாடா, கன்னையாவுக்குக் காது குத்துறாங்களா?" என்று ஊர் முகப்பில் கட்டியிருந்த பலகையைக் கருமாதிப் பந்தலிலிருந்தே காட்டி ஒருவன் கேட்டான். பந்தலே சிரித்தது. கன்னையாவின் மனைவி ரத்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிவசங்கரி கடைக்குப் போன் செய்தார்.

"சாவு போர்டை யாரும்மா படிக்கப் போறாங்க? மொகம் தெரிஞ்சா போதாதா?" என்றார் நாகபூஷணம்.

சிவசங்கரி போனை வைத்தார். தம்பியை விட்டுப் பலகையைக் கழற்றித் திருப்பிக் கட்டச் சொன்னார். வெள்ளையான பின்புறத்தில் கறுப்புப் பெயின்டால், மெலிந்து நிமிர்ந்த எழுத்தில், 'கன்னையா' என்று மட்டும் எழுதினார். அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனவர் முதல் வேலையாகத் தம் எழுத்துருவைக் கணினியிலிருந்து அடியோடு நீக்கினார். திரையில் தயாராக இருந்த பலகை உருக்குலைந்தது.

"ஐயோ! நாளைக்கு ஐஸ்கிரீம் கடை தொறப்பும்மா! அந்த எழுத்துக்குத்தான் அட்வான்ஸே குடுத்தாங்க!" என்று நாகபூஷணம் அலறினார்.

"ஐஸ்கிரீம் படத்தை மட்டும் போடுண்ணா," என்று பையைத் தோளில் மாட்டியபடி எழுந்தார் சிவசங்கரி. "யாரு படிக்கப் போறாங்க?"