பாதி மலையில் உட்கார்ந்த கிழவர்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் கைப்பேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "பெரியம்மா, இதுல ஜெயிக்கிறதே கெடையாது. யோசிக்கணும், அவ்ளோதான். இந்த மாதிரி கேமெல்லாம் உங்க காலத்துல ஏது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காலம் என்ன, அம்மிக்குழவியை உருட்டி விளையாடிய காலமா? திருத்தணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், இரண்டாயிரத்துச் சொச்சத்திலேயே, ஒரு கேமுக்கு முன்னால் வளர்ந்த ஆண்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த சென்டர் என்றால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். சூடான தூசு, ஊதுபத்தி, சந்தனம். மலையில் முடி கொடுத்தவர்கள், ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து கார் ரேஸ் ஓட்டிவிட்டுப் போவார்கள். நான் அங்கே கல்யாணப் பத்திரிகையும் பயோடேட்டாவும் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். கேம் எனக்கு வராது. கார் ஓட்டச் சொன்னால் நேராகச் சுவரில் போய் முட்டுவேன். "அக்கா ஓட்டுனா செவுத்துக்குத்தான் ஆபத்து" என்று பின்னாலிருந்து சிரிப்பார்கள்.

முதலாளி சென்னையிலிருந்து வாங்கிவந்த கலவை சிடி ஒன்றில் அந்தக் கேம் இருந்தது. பெயர் மறந்துவிட்டது. துப்பாக்கி இல்லை, பாயின்ட் இல்லை. ஒரு மகன் தன் கிழட்டு அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுவான். உச்சியில் அப்பாவை விட்டுவிட்டு அவன் மட்டும் இறங்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் கிழவர் ஒரு கேள்வி கேட்பார். இங்கிலீஷில் எழுத்து வரும், நான் எட்டிப் பார்த்துத் தமிழில் சொல்வேன். 'என்னை இறக்கி வைத்தால் உன் பாரம் குறைந்துவிடுமா?' பதில் சொல்லலாம், சொல்லாமலும் நடக்கலாம். சுட்டுத் தள்ளும் ஆசையில் வந்தவர்கள் சலித்துக்கொண்டு எழுந்து போய், எதிர் டீக்கடையில் அந்தக் கேள்வியை வைத்தே சண்டை போடுவார்கள். ஒருவன் மட்டும் ஒருநாள் உச்சி வரை போய் முடித்தான். மகன் தனியாக இறங்கியதும் பாக்கிச் சில்லறைகூட வாங்காமல் எழுந்து போனான்.

தணிகாசலம் வேறு ரகம். மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாக முறை வைத்துச் சமைக்கிற குடும்பம் அவனுடையது. முறை முடிந்து கீழே இறங்கி வந்தால் அவன் சட்டையில் பொங்கல் மணக்கும். அவன் அப்பாவுக்கு அந்த விறகுப் புகையிலேயே மூச்சு கெட்டுப்போய், மலை ஏறுவது நின்றுபோயிருந்தது. ஆட்டோவில் போகலாம். ஆனால் சாமிக்குச் சமைத்தவன் நடந்துதான் ஏற வேண்டும் என்று மனிதருக்குப் பிடிவாதம். ஒரே ஒரு தடவை கையைப் பிடித்து ஏற்றிவிடச் சொல்லி மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிருத்திகைக் கூட்டம் போகட்டும், வெயில் குறையட்டும் என்று இவன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

கேமில் பாதி மலையில் ஒரு மரம் வரும். அங்கே கிழவர் கேட்பார்: 'என்னை மேலே விட்டுவிட்டு இறங்கும்போது நீ யாருடைய மகன்?' நான் இதைச் சொன்ன அன்று தணிகா கிழவரை மரத்தடியில் இறக்கி உட்கார வைத்தான். அதோடு சரி. தினமும் வருவான், சேவ் செய்து வைத்ததைத் திறப்பான், உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பார்ப்பான். கேமுக்குள் சாயங்காலம் ஆகும், மழை வரும். பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

மகன் எங்கே போகிறான் என்று பார்க்க அவன் அப்பாவே ஒருநாள் காலையில் வந்துவிட்டார். கதவைப் பிடித்து மூச்சு வாங்கி நின்றவர், திரையைப் பார்த்தார்.

"யாருடா அது?"

"அப்பாவும் புள்ளையும், நைனா. மலை ஏறுறாங்க."

"எங்க ஏறுறாங்க? உக்காந்துகினு இல்ல இருக்காங்க."

"மேல போனா அவரு திரும்ப வரமாட்டாரு நைனா."

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "அது அந்தக் கெழவனுக்கே தெரியும்டா. பாதியில குந்த வெச்சா அவனுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இட்டுகினு போ."

"நாளைக்கி நைனா" என்றான் தணிகா.

ஆடிக் கிருத்திகைக்கு முன்பே அவர் போய்விட்டார். எந்த மலையும் ஏறவில்லை.

காரியமெல்லாம் முடிந்து தணிகா மொட்டைத் தலையோடு வந்தான். அவனுடைய முறையைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டிருந்தான். கேமைத் திறந்தான். கிழவர் மரத்தடியிலேயே இருந்தார். "இப்பவாவது ஏத்திடு தணிகா" என்றேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"வேணாங்க்கா. கொள்ளி வெச்சவன் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது."

"யோவ், அது கேமுய்யா" என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

"மலைன்னா மலைதாங்க" என்றான் தணிகா. அந்தக் கம்ப்யூட்டரை யாரும் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னான். நானும் எட்டு ஊருக்குக் காவல்காரி மாதிரி பார்த்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு மதியம் இடி இடித்தது. கரன்ட் ஏறி அந்த மெஷின் மட்டும் கருகிப்போனது. அரக்கோணத்திலிருந்து வந்த மெக்கானிக் புது டிஸ்க் போட்டுவிட்டு, பழையதில் சேவ் செய்திருந்தது ஒன்றும் தேறாது என்றார். வருஷம் முடிந்து, மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு தணிகா வந்தபோது நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சிடி இருக்கிறது, முதலிலிருந்து ஆடலாமே என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

"மொதல்லேர்ந்துன்னா அது வேற ஒருத்தர்க்கா" என்றான். பிறகு சென்டருக்கு அவன் வரவே இல்லை.

சென்டரும் போய்விட்டது. இப்போது அங்கே கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். ஒரு கேள்வியோடு எழுந்துபோய் டீக்கடையில் சண்டை போட இன்று யாருக்கும் எதிரில் ஆளில்லை. என் தங்கை மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தத் தாத்தா மேல போகவே இல்லையா?" என்றாள். எந்தத் தாத்தாவைக் கேட்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேருமே போகவில்லை.