மணல் வரைந்த முகம்

பாலக்கரையில் என் ஜெராக்ஸ் கடைக்கும் மட்டுவார்குழலி அக்காவின் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தச் சுவர் வழியாகப் பகல் முழுக்க எனக்கு இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, அவருடைய மெஷின் மணலை ஊதும் சத்தம். இன்னொன்று, அவர் பேசும் சத்தம். மெஷினையாவது மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்.

அவரைப் பற்றி எழுத நீ யார் என்று கேட்டால், என் பெயர் ஆசாத். ஒன்பது வருஷமாக அவர் செய்யும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முதல் வேலை என் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. நன்றாக வந்தால் பேர் அவருக்கு. கெட்டுப்போனால் திட்டு எனக்கு. இவ்வளவு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். வீட்டில் மரவள்ளி விவசாயம். மலைக்கோட்டைக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவர் என்பதால் அங்கிருக்கும் அம்மன் பெயரையே வைத்துவிட்டார்கள். கணவர் ஜெய்சங்கர் அண்ணனுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மகள் கனிஷ்கா ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் அக்காவுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனார். ஜன்னல் கண்ணாடி அறுக்கக் கற்றார், பிறகு மணல் ஊதக் கற்றார், பிறகு முதலாளிக்கே யோசனை சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் இருவர் நிம்மதியையும் உத்தேசித்துத் தனிக்கடை போட்டார்.

வேலை இதுதான். கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டி, வேண்டிய இடத்தில் மட்டும் அதை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டிக்குள் வைத்து மணலை வேகமாக ஊத வேண்டும். மணல் பட்ட இடம் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிடும். மற்ற இடம் கண்ணாடியாகவே இருக்கும். இதை எப்போதும் பின்பக்கத்தில்தான் செய்வார்கள். அப்போதுதான் முன்பக்கம் வழுவழுவென்று துடைக்க வசதியாக இருக்கும். பின்னாலிருந்து ஊதுவதால் எழுத்தையும் படத்தையும் இடம் வலம் மாற்றி ஒட்ட வேண்டும். என் கடை பாஷையில் அதற்கு மிரர் பண்ணுவது என்று பேர்.

பூஜை அறைக் கதவில் சங்கு சக்கரம், டாக்டர் வீட்டு வாசலில் பெயர், குளியலறை ஜன்னலில் மூங்கில் இலை. இதெல்லாம் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் ஆசை முகத்தின் மேல் இருந்தது. போட்டோவில் இருக்கிற ஆளை அப்படியே கண்ணாடியில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை அந்த ஆளே பார்த்து, "இது நான்தான்" என்று சொல்ல வேண்டும்.

"அந்த ஒரு வார்த்தை போதும் தம்பி. பூவைப் போட்டா, பூ வந்து இது நான்தான்னு சொல்லப் போவுதா?" என்பார்.

முதலில் சோதனைக்கு அகப்பட்டவர் ஜெய்சங்கர் அண்ணன். அவர் போட்டோவில் கறுப்பாக இருந்த இடத்தில் எல்லாம் மணலை ஊதிவிட்டார் அக்கா. மணல் பட்டால் வெள்ளையாகும் என்பது ஊருக்கே சொல்லித் தருகிறவருக்கு அன்று மறந்துபோனது. அண்ணனுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கண்ணாடியில் தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சாக வெளுத்து எண்பது வயதாகத் தெரிந்தார். நானும் கனிஷ்காவும் சிரித்த சிரிப்பில் எதிர்ப்புற டீக்கடைக்காரர் என்ன என்று பார்க்க வந்துவிட்டார். அண்ணன் மட்டும் சிரிக்காமல் அதை வாங்கிப் பார்த்து, "ரிட்டயர் ஆனப்புறமும் தலைமுடி கொட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம்" என்றார். அது இன்றைக்கும் அவர் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது. இப்படி ஒரு மனுஷன் வாய்த்ததால்தான் அக்கா இவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்பது என் கணிப்பு.

அப்புறம் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் ஊத வேண்டும், நிழலை விட்டுவிட வேண்டும் என்று பிடிபட்டது. மூக்கு வந்தது. கண் வந்தது. ஆனால் வெளியார் யாரும் முகம் கேட்டு வரவில்லை. போன தை மாதம்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து ரஞ்சனி என்கிற பெண் வந்தார். அவர் அப்பா ரெங்கநாதனுக்குச் சஷ்டியப்தபூர்த்தி. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றதுபோக ஒரே ஒரு போட்டோ தப்பியிருந்தது. மாலையும் கழுத்துமாக இருவர். அம்மா மைதிலி மடிசார் கட்டி, வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலேறிய ஒரு சிரிப்போடு இருந்தார். அதை மூன்றடிக் கண்ணாடியில் போட்டு, கீழே இருவர் பெயரும் எழுதி, அடியில் விளக்கு வைத்து மண்டப வாசலில் நிறுத்த வேண்டும்.

அக்கா அந்தப் போட்டோவைக் கையில் வாங்கியபோது ஒரு நிமிஷம் பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

எட்டு நாள் வேலை நடந்தது. வெளிச்சமான இடத்தில் அதிகம் ஊதி, கன்னத்தில் லேசாக ஊதி, முடிக்கும்போது இரண்டு பேரும் கண்ணாடிக்குள் வந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வேலையும் அதில் பாதி அல்லவா.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், ரஞ்சனி பார்க்க வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்புறம் தலையைச் சாய்த்தார். அப்புறம் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா, மடிசார் மாறியிருக்கே" என்றார். "நாங்க ஐயங்கார், எங்காத்துல தலைப்பு இடது தோள்ல வரும். ஐயர் ஆத்துலதான் வலது தோள். இதுல அம்மாவுக்கு வலது தோள்ல வந்திருக்கு. எங்க பெரியப்பா பாத்தா, இது யாராத்துப் பொண்ணுன்னு கேட்டே உயிரை எடுத்துடுவார்."

போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். தலைப்பு மட்டுமல்ல, சிரிப்பும் எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. ரெங்கநாதன் மாமா மைதிலி மாமிக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுகூட மாறியிருந்தது. ஆனால் கீழே பெயர்கள் மட்டும் சரியாக இருந்தன.

நடந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி நின்றேன். வழக்கமாக மிரர் பண்ணுவது என் வேலை. இந்தத் தடவை கனிஷ்கா செல்போனில் சொல்லிக்கொடுத்தாள் என்று அக்காவே போட்டோவை மிரர் பண்ணி எனக்கு அனுப்பியிருந்தார். நான் வழக்கம்போல இன்னொரு தடவை திருப்பியிருந்தேன். பெயரை எப்போதும்போல் நான் ஒருவனே செய்தேன், அதனால் அது பிழைத்தது.

"திருப்பிட்டேன்னு சொல்லக் கூடாதாக்கா?" என்றேன்.

"திருப்பியிருக்கான்னு கேக்கக் கூடாதா தம்பி?" என்றார் அவர்.

இந்தச் சண்டையைக் காந்தி மார்க்கெட் வரை கேட்கும்படி போட்டிருப்போம். ரஞ்சனி முன்னால் இருந்ததால் ஆளுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

புதிதாகச் செய்ய நாள் இல்லை. அக்கா கண்ணாடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அதைத் தூக்கி அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தார். தலைப்பு இடது தோளுக்கு வந்துவிட்டது. சிரிப்பும் சரியான பக்கத்துக்கு வந்தது. மாமாவும் மாமியும் அவரவர் இடத்தில் நின்றார்கள். இப்போது பெயர்கள்தான் புரண்டுவிட்டன, வலமிருந்து இடமாக.

"பேரை அழிச்சிடலாம்" என்றார் அக்கா.

கண்ணாடியில் ஊதியதை அழிக்க ரப்பர் கிடையாது. ஒரே வழி, எழுத்தைச் சுற்றியிருக்கும் இடத்தையும் சேர்த்து ஊதி, மொத்தத்தையும் ஒரே வெள்ளைப் பட்டையாக்கிவிடுவதுதான். அன்று மத்தியானமே அதைச் செய்து முடித்தார். பெயர் இருந்த சுவடு தெரியவில்லை. ரஞ்சனிக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி. அக்காதான் கைகளைத் துடைத்துக்கொண்டே அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பேர் இருந்தா, முகம் கொஞ்சம் முன்னப்பின்ன வந்திருந்தாலும் படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. இப்போ முகம் மட்டும்தான் தம்பி இருக்கு. அந்தம்மா பாத்துட்டு யாரு இதுன்னு கேட்டுட்டா, நான் திரும்ப மூங்கில் இலை போடப் போயிட வேண்டியதுதான்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் விசேஷத்தன்று காலை கண்ணாடியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. மெஷின் முன்னால் அவர் கழித்த ஒன்பது வருஷமும் அந்தப் போர்வைக்குள் இருந்தது.

மண்டப வாசலில் பீடத்தை வைத்து, கண்ணாடியை நிறுத்தி, விளக்கைப் போட்டோம். இருவரும் வெளிச்சமாக எழுந்து நின்றார்கள். ரஞ்சனியின் பெரியப்பாதான் முதலில் வந்தார். தோளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "நம்ம மைதிலின்னா இது" என்றார். பின்னாலேயே வந்த அத்தைகள், அக்கம்பக்கத்தார், எல்லோரும் பெயர் இல்லாமலே கண்டுகொண்டார்கள். ரெங்கநாதன் மாமா பட்டு வேஷ்டியோடு வந்து நின்று, "அதே சிரிப்பு. இந்தப் பக்கம் மட்டும் ஏறும்" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா மாமியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதிலி மாமி மடிசாரில் வந்தார். நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மரியாதைக்குச் சிரித்தார்.

"ரொம்ப நன்னா பண்ணியிருக்கேள்" என்றார். "ஆனா எனக்கு என்னமோ யாரையோ பாக்கற மாதிரி இருக்கு. போட்டோவுலயும் எனக்கு அப்படித்தான் இருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்கோ."

அக்கா, "பரவாயில்லைங்கம்மா" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஊரே சொல்லிவிட்டதே, இந்தம்மாவும் சொல்லிவிட்டால்தான் என்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உள்ளே சடங்கு நடத்தும் வாத்தியார் கூப்பிட்டார். மாமி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சுற்றிப் பின்பக்கமாகப் போனார். போனவர் நின்றுவிட்டார். கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் முகம் எங்களுக்குத் தெரிந்தது. தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"இதோ" என்றார். "இது நான்தான்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அன்னிக்குக் கார்த்தால அத்தை மடிசார் கட்டிவிட்டு என்னை பீரோ கண்ணாடி முன்னாடி நிறுத்தினா. கண்ணாடியில தலைப்பு இந்தப் பக்கம்தான் தெரிஞ்சுது. சிரிப்பும் இந்தப் பக்கம். நான் என்னை வேற எங்கே பாத்திருக்கேன்? தெனமும் கண்ணாடியிலதானே பாக்கறேன். நீங்கள்ளாம் பாக்கற மைதிலியை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவ இவதான்."

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே, "சொல்லிட்டாங்க தம்பி, சொல்லிட்டாங்க" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு தடவை திருப்பியதில் ஒரு தடவை நான் திருப்பியது என்று அங்கேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

ரெங்கநாதன் மாமா இந்தப் பக்கத்தில் இருந்தபடியே தன் மைதிலியை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய் மாமியின் பக்கத்தில் நின்றார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷமா நீ பாத்துண்டிருந்தது இவளையா?" என்றார். "இவளை எனக்குத் தெரியவே தெரியாதே."

"இப்போ தெரிஞ்சுக்கோங்கோ" என்றார் மாமி, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டபடி.