மாமா பார்த்த மாப்பிள்ளைகள்

புதுப்பட்டினம் கடைவீதி பிரௌசிங் சென்டர். மௌஸின் அடியிலிருந்து கசியும் சிவப்பு வெளிச்சம் மாமாவின் விரலிடுக்கில் தெரியும். இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அம்மாவின் தம்பி அவர், வேன் ஓட்டுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பு அவர் தலையில். கல்யாண வெப்சைட் ஒன்றில் பதிந்துவிட்டு, சவாரி முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு வருவது என் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். கண்ணாடிக் கதவைத் தள்ளவே கை வராது.

இத்தனைக்கும் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க, வேற எடமும் வந்துகினு கீது" என்று பையனின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவோ, "இரும்மா, இதுக்கு அடுத்தவன் இன்னும் நல்லா கீறான்" என்பார். அடுத்தவனைத் திறந்தால் அவனுக்குக் கீழே இன்னும் நாலு முகம். "இன்னா அண்ணாத்த, கம்ப்யூட்டரையே வூட்டு மாப்ளையா வச்சிக்குவ போல" என்பார் கடைக்காரர். மாமாவும் சிரிப்பார். கை மட்டும் நிற்காது.

ஞாயிறும் வந்தது. அன்றும் மாமா பிரௌசிங் சென்டரில்தான். அக்காவே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். சிறுசேரியில் வெப்சைட் செய்யும் ஆபீஸில் அவளுக்கு வேலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா தேடுற?"

"அந்தப் பையனவிட நல்ல பையன்."

"அப்போ இது முடியவே முடியாது. பாத்துட்டு நீ எழுந்து போயிட்டா இவங்களுக்கு இன்னா லாபம்? அதான் கீழ நாலு மூஞ்சிய வைக்கிறாங்க. நானே இப்பிடிப் பக்கம் செஞ்சி குடுத்துகினு கீறேன். எப்பவாவது ஒண்ணு நல்லாருக்கும். அதுக்கோசரம் விடாம பாப்ப. தூண்டில் போட்டவன் வெறுங்கையோட கெளம்புவானா, அது மாதிரி."

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தப்பான எடத்துல குடுத்துட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதும்மா."

"சொன்னா என்னச் சொல்லட்டும்."

இப்போது என் போனிலும் ஒன்றை அடுத்து ஒன்றாக வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. எதற்கு எடுத்தோம் என்பதே மறந்து கட்டைவிரல் தானாக நகர்கிறது. அப்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன். அந்த வலையைப் பின்னத் தெரிந்தவளுக்கு, அதிலிருந்து ஒரு ஆளை எழுப்பவும் தெரிந்திருந்தது. என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு இதைவிட வேறு பெருமை வேண்டாம்.

அன்று அவள் அங்கேயே செல்போனை எடுத்துத் திருக்கழுக்குன்றத்துக்குப் போட்டாள். பெண்ணே பேசுவதா! நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, பொண்ணுதான் பேசறேன். எனக்குச் சம்மதம்."

கடையே திரும்பிப் பார்த்தது. போனில் ஒரு பெரிய சிரிப்பு, எனக்கே கேட்டது. "காலைலேர்ந்து எம்புள்ள போனையே பாத்துகினு கீறான். இந்தா, நீயே அவன்கிட்ட சொல்லு."

அத்தனை பேசிய அக்கா அப்போது பார்த்து போனை மாமா பக்கம் நீட்டினாள். மாமா மௌஸை விட்டுவிட்டு எழுந்தார். அவளிடமிருந்து போனை வாங்கினார். அத்தனை முகங்களைப் பார்த்தும் அதுவரை யாரையும் அழைக்காத உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிட்டார்:

"மாப்ள, நல்லா கீறீங்களா?"