கட்டைகளுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு

எங்கள் அத்தானுக்குச் சங்கீதம் தெரியும். மனுஷர்களோடு பேசத் தெரியாது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி வருகிறேன். அவரும் கோபப்படாமல் சிரித்து வருகிறார். அவர் தொழில் கணினியில் பாட்டு போடுவது. சினிமாவுக்கெல்லாம் இல்லை. லிஃப்டுக்குள் கேட்கும் இசை, பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது கேட்கும் இசை, பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க ஓடும் இசை. யாரும் காது கொடுக்காத பாட்டுகளுக்காக இப்படி மாங்கு மாங்கென்று உழைக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் துணிக்கடை வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அங்கே இரண்டாவது மாடியில், பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, சட்டைக்கு இடுப்பில் பிடிப்பது என்று ஆல்டரேஷன் மேஜையில் இருக்கிறாள்.

அக்கா முணுமுணுப்பாள். பாட்டென்று சொல்ல முடியாது, அதில் வார்த்தையே இருக்காது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைக்கிறவள் வேறெப்படிப் பாடுவாள்? சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அவள் முணுமுணுப்பு கேட்டால் தூங்கிவிடுவேன், நின்றால் விழித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் கணினியில் ஏதோ குடைந்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தபடி அக்கா முணுமுணுத்தாள். மைக் திறந்திருந்தது. அவள் குரல் திரையில் ஒரு பச்சைக் கோடாக நெளிந்து போனது. பின்னால் கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பட்டை. அன்றைக்கு அத்தான் நாக்கில் சனி.

"இங்க பாரேன், இந்த ஸ்வரம் வர்றப்பல்லாம் நீ இறங்கிடற. இந்தக் கட்டைல நிக்கணும். நீ ரெண்டு கட்டைக்கும் நடுவுல தொங்கிட்டிருக்க."

"ஓகோ" என்றாள் அக்கா. பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அத்தோடு அந்த வீட்டில் முணுமுணுப்பு நின்றது.

அத்தானுக்கு உறைக்கவே பல நாள் ஆனது. கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"வீட்ல ஏதோ ரிப்பேர் ஆன மாதிரி இருக்கும்மா. ஃபேன் நின்னுட்டா சட்டுனு புழுக்கம் தெரியுமே, அந்த மாதிரி."

"ரிப்பேர் பண்ணதே நீங்கதான் அத்தான். போய் மன்னிப்பு கேளுங்க."

"கேட்டேனே. 'அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க'ன்னுட்டா."

ஒண்ணுமில்லை என்று பெண்டாட்டி சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. மனிதர் முகம் விழுந்துபோயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

அன்று பதிவான அந்தக் குரல் மட்டும் கணினியில் மிச்சமிருந்தது. அதையே போட்டுப் போட்டுக் கேட்டார். அக்கா வேலைக்குப் போன மத்தியானங்களில் டீயோடு அவர் அறைக்குப் போவேன். திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. உள்ளே வெயில் டீ நிறத்தில் இருக்கும். வெளியே கறிவேப்பிலை விற்கிறவன் குரல்கூட எங்கோ தொலைவில் கேட்கும். ஸ்பீக்கரில் அக்கா முணுமுணுப்பாள், கோடு நெளிந்து நெளிந்து போகும், எனக்குக் கண் சொருகும். எழுந்திருக்க மனசே வராது.

"தப்புன்னா ஒரு தடவை இங்க விழும், இன்னொரு தடவை அங்க விழும்" என்றார் ஒரு நாள், என்னிடம்தானா என்று தெரியவில்லை. "இவ எப்பவும் அதே எடத்துல வந்து உக்கார்றா. தப்பு இல்லம்மா இது. அவ வீடே அங்கதான் இருக்கு."

அப்புறம்தான் அந்தச் சுருதி வேலையில் இறங்கினார். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணினி நூறு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறதாம். பன்னிரண்டு கட்டைக்கும் திரையில் பன்னிரண்டு கட்டம். எதை எத்தனை பங்கு இறக்க வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்று எண் போட்டால், கீபோர்டு அக்காவின் ஸ்வரங்களில் பேசும். எந்தக் கட்டையிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்று சொல்ல முதலில் மறந்துவிட்டார். வாசித்தால், குளிர் ஜுரம் வந்தவர் பாடுவது போல இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தொடக்கக் கட்டையைச் சரியாக வைத்த பிறகு, பதிவான குரலோடு சேர்த்து வாசித்தார். குரல் எது, கீபோர்டு எது என்று பிரிக்க முடியவில்லை. என் சிரிப்பு எங்கே போனதோ.

அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் இருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை வாசித்தார். கூடவே முணுமுணுப்பாள் என்று நப்பாசை. அக்கா துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். தாஜா பண்ணுகிறார் என்று தெரிந்தால் மசிகிற ஜாதியில்லை என் அக்கா.

மனிதர் இடிந்துபோனார். துணிக்கடைக்காரர்கள் பழைய பாட்டுகளையே இன்னும் நீளமாகப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். கேட்டு அலுத்த பாட்டுகள், எல்லாம் அக்காவின் முணுமுணுப்பு தொடங்கும் அதே கட்டையில் போட்டவை. காதில் வாங்காமலே கணினியை ஓடவிட்டு, வந்ததைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினார். அக்காவின் சுருதிக்காகப் போட்ட எண்களை 'எல்லாப் பாட்டுக்கும்' என்று பதிந்து வைத்திருந்தது அவர் நினைவிலேயே இல்லை.

மறுநாள் மத்தியானம், திரைச்சீலை ஒன்றுக்கு ஓரம் மடிக்கக் கொடுக்க நான் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே என் நடை தளர்ந்தது. யாருக்கும் அவசரமில்லை. ஒருவர் துண்டொன்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். போர்வை அடுக்கில் ஒரு குழந்தை சாய்ந்து கிடந்தது. விற்பனைப் பெண் துணியை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். மேலே ஸ்பீக்கரில் அந்த அலுத்துப்போன பாட்டுதான், ஆனால் தண்ணீருக்கடியில் கேட்பது போல இருந்தது. நான் மாடி ஏறினேனா மிதந்தேனா தெரியாது.

ஆல்டரேஷன் மேஜையில் அக்கா குனிந்திருந்தாள். வாயில் ஊசிகள். முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திரைச்சீலையை அணைத்துப் பிடித்தபடி படி ஓரத்திலேயே நின்றேன். அதற்குள் படியேறி ஓடி வந்தார் அத்தான், கையில் இன்னொரு பென் டிரைவ்.

"தப்பாயிடுச்சும்மா! எல்லாப் பாட்டும் மாறிப் போயி..."

"மூச்சு விடாதீங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. இருவரும் தொங்கவிட்டிருந்த கோட்டுகளின் வரிசைக்குப் பின்னால் நின்றோம். பாட்டு முடியும் வரை நின்றோம். அக்கா ஊசிகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் திருடங்க மாதிரி நிக்கிறீங்க?" அப்புறம் அவரைப் பார்த்து, "ஆமா, பாட்டுல என்ன பண்ணீங்க? இன்னிக்குத்தான் சுருதி சேந்திருக்கு."

"அப்ப இத்தனை நாளா?"

"நீங்க போடற பாட்டு எனக்குக் கொஞ்சம் வெலகித்தான் கேக்கும். கல்யாணம் ஆன புதுசுலேருந்தே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அக்கா பேன்ட்டைத் திருப்பிப் போட்டு மடிப்பை நீவினாள்.

"சொல்லியிருந்தா நீங்க வாசிக்கிறத விட்டிருப்பீங்க."

அத்தான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கடை என்றும் பாராமல் அழுதார்.