கை நனைக்காமல் போகக்கூடாது என்று சொன்னேன்

பாலக்கரையில் எங்களுக்கு வாழை இலைக் கடை. வையம்பட்டிப் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவள் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், அதனால் இதை எழுதி முடிக்க வெகுநாள் ஆனது. ஆனால் இந்த ஊரில் பெரிய வீட்டு விசேஷம் எதுவும் என் இலை இல்லாமல் நடந்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். சொன்னால் என்ன, உண்மைதானே.

எங்கள் தொகுதி எம்.பி.யின் பேரையும் கட்சியையும் இங்கே எழுதப்போவதில்லை. முதல் தடவை ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் தெருவில் ஆரத்தி எடுத்தது நான். ஜீப்பை விட்டு இறங்கிவந்து, "அம்மா, நீங்களே பொட்டு வைங்க" என்று நெற்றியைக் காட்டினார். ஜெயித்த பிறகும் மறக்கவில்லை. எங்கே பார்த்தாலும் "அம்மா" என்பார், நான் "தம்பி" என்பேன். அவர் ஆபீசில் நின்றுகொண்டிருக்கிற கூட்டத்துக்கு நடுவே எனக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலிக்காகவே சிலநாள் போயிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் செத்தபோது, எடுப்பதற்கு முன்னால் மாலையோடு வந்து வெயிலில் நின்றார். அதை நான் மறக்கமாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரை அப்படித்தான் எடைபோடுவோம். நல்லதுக்கு வந்தாரா, கெட்டதுக்கு நின்றாரா, வந்த இடத்தில் கை நனைத்தாரா. டெல்லியில் அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. தெருவில் யாரும் கேட்டதில்லை.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டுக்காரிதான். பாய் வீட்டுப் பெண், தையல் மெஷின் வைத்திருக்கிறாள். எனக்கு இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் மூத்த பையனைச் சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் அரபு நாட்டுக்கு அனுப்பினான். அங்கே போனால் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. பையன் யாரிடமாவது போனை வாங்கி எப்போதாவது பேசுவான். அவன் பேசுகிற அன்று மெஷின் சத்தம் கேட்காது, அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும்.

எம்.பி. ஒருதடவை எங்கள் தெருவுக்கு வந்தபோது அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கு ஒரு சட்டம் சபைக்கு வருதும்மா. அனுப்புன ஏஜென்ட்டே ஆளைத் திருப்பிக் கொண்டாந்து சேக்கணும்னு அதுல ஒரு திருத்தம் கேக்குறாங்க. அது ஓட்டுக்கு வர்ற அன்னைக்கு நான் பேசுவேன், அதுக்குத்தான் ஓட்டும் போடுவேன். கவலைப்படாம இருங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தம்பி சொன்னாச் செய்வாரு. நான் பொறுப்பு" என்றேன். என்னை யாரும் பொறுப்பு கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் பேத்தி கல்யாணம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் மண்டபம். பத்திரிகையில் எம்.பி. பேரை மேலே போட்டிருந்தோம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய உதவியாளர், "அன்னைக்கு டெல்லியில வேலை இருக்கும்மா" என்று இழுத்தார். "என் வீட்டு முதல் பேத்தி. தம்பி வராம தாலி ஏறாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலை முகூர்த்தத்துக்கு வந்துவிட்டார். மண்டபமே எழுந்து நின்றது. தாலி கட்டி முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். உதவியாளர் அவர் காதோரம், "சார், ப்ளைட்டு. இதை விட்டா மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர முடியாது" என்றது எனக்கும் கேட்டது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"என்ன தம்பி இது, கை நனைக்காமப் போறீங்க? சம்பந்தி வீட்டு முன்னாடி எனக்கு என்ன மரியாதை?"

"அம்மா, முக்கியமான வேலைம்மா."

"ப்ளைட்டு நாளைக்கும் போவும். என் பேத்திக்கு நாளைக்குக் கல்யாணம் உண்டா? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நானே நல்ல நுனியிலையாகப் பார்த்து எடுத்துவந்து போட்டேன். ஒரு வாய் என்று சொன்னவள், பக்கத்திலேயே நின்று வடை வை, இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்று என்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். உதவியாளர் போனைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரும் ஒரு இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து எனக்கு என்ன சந்தோஷம். எம்.பி. மத்தியானம் வரைக்கும் இருந்தார். சம்பந்தியம்மாள் என்னிடம், "உங்க செல்வாக்கே தனிதாங்க" என்றாள். பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு வந்தாள். கையில் ஏதோ தைத்த துணி, அது பாட்டுக்கு இருந்தது.

"அக்கா, அந்தச் சட்டம் வந்துருச்சாம். நமக்கு வேண்டிய திருத்தம் மட்டும் தோத்துப்போச்சாம். எம் மவ போன்ல பாத்துச் சொல்றா. யாரு யாரு எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு அதுல வருதாம். நம்ம எம்.பி. பேசவும் இல்ல, ஓட்டும் போடல. அன்னைக்குச் சபைக்கே வரலையாம்."

"போன்ல வர்றதெல்லாம் நெசமா?" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்கக்கா. எனக்குக் காரணம் தெரிஞ்சாப் போதும்."

எனக்குக் கோபம் அவள் மேல்தான் வந்தது. என் தம்பியைச் சந்தேகப்படுகிறாளே என்று. எந்தத் தேதி என்று அவளிடம் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. "வர்ற கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேக்குறேன், பதிலை நீயே கேட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.

எம்.பி. குறை கேட்கிற கூட்டம் பக்கத்துச் சமுதாயக்கூடத்தில் நடந்தது. வழக்கம்போல எனக்கு முன் வரிசை. அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். சாக்கடை, ரேஷன் கார்டு, ரயில் நிற்பதில்லை என்று ஒவ்வொருவராக மனுக் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் மைக்கை நீட்டினார்கள்.

"தம்பி, இந்தப் புள்ளையோட மகன் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறான். நீங்க சபையில பேசுறேன்னு சொன்னீங்க. ஓட்டெடுப்பு அன்னைக்கு நீங்க அங்க இல்லைங்கிறாங்க. எங்க போயிருந்தீங்க? அதைச் சொல்லிருங்க, இவ மனசு ஆறட்டும்."

அவர் பெரிதாகச் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்க போனேன்னு இந்த அம்மாவே கேக்குறாங்க பாருங்க! அம்மா, அன்னைக்கு உங்க பேத்தி கல்யாணத்துலதானே இருந்தேன்? ப்ளைட்டைப் புடிக்கப் போனவனை மறிச்சு இலை போட்டு உக்கார வச்சது யாரு? சொல்லுங்க!"

சிரிப்பும் கைதட்டலும். பின்னாலிருந்து யாரோ, "கெழவி கையில மாட்டுனா எம்.பி.யாவது, மந்திரியாவது" என்றான். அதற்கும் சிரிப்பு. அவர் விடவில்லை. "அங்க ஓட்டுப் போட எத்தனையோ பேரு இருக்காங்க. என் ஒரு ஓட்டால ஒண்ணும் மாறியிருக்காது. உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நான்தானே வரணும்!" மறுபடி கைதட்டல், முன்னைவிடப் பலமாக.

நான் எழுத வந்ததே இதைத்தான். அவர் சொன்னது எனக்குப் புரிவதற்கு முன்னால், அத்தனை பேருக்கு நடுவே என் வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னாரே என்று என் முகம் சிரித்துவிட்டது. பல் தெரியச் சிரித்தேன். சிரித்த முகத்தோடு பக்கத்தில் திரும்பினேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் மடியில் இருந்த மனுவை மடித்துக்கொண்டிருந்தது. மேலும் மேலும் சின்னதாக.

அப்போதுதான் உறைத்தது. சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மைக்கு இன்னும் என் கையில்தான் இருந்தது. "உங்களை எங்க அனுப்பினோம் தம்பி" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். எந்த முகத்தோடு கேட்பது? மண்டபத்தில் அவரை மறித்து உட்காரவைத்தவள் நான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "தம்பி ஒருத்தர் ஓட்டால ஜெயிச்சிருக்குமா என்ன" என்று எனக்கே ஆறுதல்போல் முனகினேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. பந்தியில் ஒரு இலை குறைந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இலை கிடைக்காமல் நிற்கிறவனுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் இலை விற்றவள் நான்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் பிரியும்போது, "நீங்க கூப்பிட்டா யாருதான் வராம இருப்பாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாண போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. நடுவில் அவர், பக்கத்தில் நான். யாரிடமும் சொல்லாமல் கழற்றிப் பரண்மேல் வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

போன வருஷம் கொள்ளுப்பேரனுக்குக் காதுகுத்து. மகன் பத்திரிகையில் பழையபடி எம்.பி. பேரைப் போடப்பார்த்தான். அச்சடிக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. உதவியாளரிடம் தேதியைச் சொல்லி, அன்றைக்குச் சபை உண்டா என்று கேட்டேன்.

"சபை இருக்கும்மா. ஆனா உங்க வீட்டு விசேஷம்னா சார் எப்படியும் வந்துருவாரு."

"அப்படின்னா வரவேணாம்னு சொல்லுங்க."

"என்னம்மா, சார் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. அவரு அங்க இருக்கட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தார். மகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "ஊரே கேக்கும், என்ன பதில் சொல்றது" என்று மருமகளிடம் சத்தம் போட்டான்.

காதுகுத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். திருவானைக்காவலில் சின்ன மண்டபம். அவள் பையன் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. அவளே தைத்த சட்டையைக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள், கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குப் பேசுறேன்னு சொல்லியிருக்கான். இங்க சரியா டவர் எடுக்க மாட்டேங்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ என்பது தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை வயசில் என் வீட்டு விசேஷத்துக்கு வந்த யாரையும் நான் கை நனைக்காமல் அனுப்பியதில்லை.

"போ, சீக்கிரம் போ" என்றேன். பந்தியில் உட்கார்ந்திருந்த மகனை எழுப்பி, அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னேன்.